ஆட்டத்தில் அரட்டிப்பண்டு

அன்றைக்கு என் பெண் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்காவிட்டால் எனக்கு எதுவுமே தெரிய வந்திருக்காது. அந்த நீல பாட்டிலைத் தவிர வேறு எதில் கொடுத்தாலும் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. நாக்கு வறண்டு கிடந்தாலும் கிடப்பாளே தவிர, பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலைத் தொடமாட்டாள். அதனால் ஆபீசில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. மாங்காய் வராத மாதங்களில் அங்கே ஈ ஓட்டுவதுதான் வேலை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பள்ளியில் இன்டர்வெல் மணி அடித்திருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மைதானத்தில் என் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். தனியாக இல்லை, கூட்டத்தோடு. ரிப்பன் அவிழ்ந்து தொங்க, சந்தோஷம் வந்தால் செய்கிற மாதிரி இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு, அவள் வகுப்புப் பிள்ளைகளின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். "ஏசப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

ஏன் இவ்வளவு அதிர்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். எட்டு வயதுப் பிள்ளை இன்டர்வெல்லில் ஓடுவது ஒரு அதிசயமா? என் வீட்டில் அதிசயம்தான். என் பெண்ணுக்கு ஆட்டிசம். யார் முகத்தையும் அதிக நேரம் பார்க்கமாட்டாள். பேச்சு குறைவு. பேசினால் பெரும்பாலும் சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ் நிற்கிற இடங்களைக் கண்டக்டர் குரலில் வரிசையாகச் சொல்வாள். அவளாகப் போய் யாரையும் தொட்டது கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். மூன்றாம் வகுப்புக்கு வரும்வரைக்கும் சுவரோரமாக நின்று கழித்தவள். அந்த வருஷத் தொடக்கத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ரொம்ப மரியாதையாக ஒரு இடியை இறக்கினார். "பிள்ளைகளோடு கலக்கவே மாட்டேன் என்கிறாள் அம்மா. இந்த வருஷமும் இப்படியே போனால் நாலாம் வகுப்புக்கு வேறு இடம் பாருங்கள். திருப்பதியில் இவர்களுக்கென்றே பள்ளி இருக்கிறதாமே."

இருக்கிறது, எனக்கும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் திருப்பதிக்குத்தான் பஸ் ஏறி அவளைத் தெரபிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே இருக்கிற தெரபிஸ்ட் மேடமே சொல்லிவிட்டார், இவள் கூட்டத்தில்தான் வளரவேண்டும், எடுத்துவிடாதீர்கள் என்று. வகுப்புப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று பள்ளிக்கும் போன் போட்டு அவரே பேசினார். வகுப்பு டீச்சரும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்னார். அதன் பலன்தான் என் கண்முன்னால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, பாட்டிலை நெஞ்சோடு பிடித்தபடி நான் பாட்டுக்கு நின்று அழுதேன்.

அழுகை ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஏதோ இடித்தது.

அவர்கள் ஆடியது ஐஸ் வாட்டர். ஒருத்தி பிடிப்பவள், பிள்ளைகள் பேச்சில் கேட்ச்சர். அவள் துரத்திக்கொண்டு வந்து தொட்டு "ஐஸ்" என்றால் தொடப்பட்டவள் கையைக் காலை அசைக்காமல் நிற்கவேண்டும். ஆட்டத்தில் இருக்கிற வேறு யாராவது ஓடிவந்து தொட்டு "வாட்டர்" என்றால் மறுபடி ஓடலாம். முதலில் ஐஸ் ஆனவள்தான் அடுத்த ஆட்டத்தில் பிடிக்கவேண்டும். அன்றைக்குப் பிடிப்பவள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அம்பு மாதிரி பாய்ந்தாள். என் பெண் அவளுக்கு நேர் எதிரே வந்துவிட்டாள், கையை நீட்டினால் போதும். அவள் நீட்டவில்லை. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல என் பெண்ணைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்த பையனைத் தொட்டு "ஐஸ்!" என்றாள். மறுபடியும் அதே. அதற்கப்புறமும் அதே. மைதானத்தில் அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கொரு கோணத்தில் உறைந்து நிற்க, நடுவில் என் பெண் மட்டும் கையை உதறிக்கொண்டு ஓடுகிறாள், ஓடுகிறாள், ஓடிக்கொண்டே இருக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை.

மணி அடித்ததும் இரட்டைப் பின்னல்காரியை மடக்கினேன். நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும்போது அவள் அம்மாவைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவேன்.

"இன்னாம்மா, எல்லாரையும் தொட்ற, என் பொண்ண மட்டும் ஏன் தொடல நீ?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"ஆன்ட்டி, அவ ஆட்டலோ அரட்டிப்பண்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டத்தில் வாழைப்பழம். தெலுங்கு ஊரில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. அண்ணன் அக்காள்கள் ஆடும்போது நானும் வருவேன் என்று அடம்பிடிக்கிற வாண்டு இருக்குமே, அதைச் சேர்த்துக்கொண்ட மாதிரி சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அது அவுட்டும் ஆகாது, ஜெயிக்கவும் ஜெயிக்காது, சும்மா ஓடும். அதுதான் அரட்டிப்பண்டு. தமிழில் ஒப்புக்குச் சப்பாணி என்போம். மூன்று வயது வாண்டுக்கு அது சரி. எட்டு வயசுப் பெண்ணுக்கு, அவள் உயரமே இருக்கிற பிள்ளைகள் வைத்த பேரா அது?

"யார்டீ சொன்னது அப்படி?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. நாங்களே வெச்சிக்கினோம். அவ அழுதா டீச்சர் எங்களத்தான் முட்டி போட வெப்பாங்க. அழ வெக்காம சேத்துக்கோன்னு சொன்னாங்க. அதான்." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! நேரே வகுப்பு டீச்சரிடம் போனேன். அவர் பாவம், இதைக் கேட்டு முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். "எந்த மன்ச்சி பில்லலு பாருங்க மேடம்! அவங்களாகவே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க" என்று பெருமைப்பட்டார். எவ்வளவு நல்ல பிள்ளைகளாம். நல்ல பிள்ளைகள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த நல்லதனம்தான் என் வயிற்றில் எரிந்தது. ஒரு பிள்ளை என் பெண்ணை அடித்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டேன், சண்டைக்கு ஆள் கிடைத்தது என்றாவது இருந்திருக்கும். இங்கே யாரோடு சண்டை போடுவது?

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறைதான் வருவார். போனில் சொன்னேன். "இன்னாம்மே நீ, வெளையாடிக்கினுதான கீறா? போன வருசம் செவுத்தப் பாத்துக்கினு நின்னாளே, அத்த மறந்துட்டியா? ஸ்கூல்ல வெச்சிக்கினா போதும். உட்டுடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வருஷக் கடைசியில் தலைமையாசிரியை பார்ப்பார், அட, கலந்துவிட்டாளே என்பார், நாலாம் வகுப்பும் கிடைக்கும். கிளறினால் எது வேண்டுமானாலும் நடக்கும். அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை திருப்பதியில் தெரபிஸ்ட் மேடத்தின் எதிரில் உட்கார்ந்ததும் அணை உடைந்துவிட்டது, கொட்டித் தீர்த்தேன்.

அந்த மேடத்துக்கும் முகம் மாறிவிட்டது. "அவளுக்கு அந்த ஆட்டத்தோட ரூல்ஸ் தெரியுமா? இல்ல எல்லாரும் ஓடறாங்கன்னு ஓடறாளா?" என்று கேட்டார். பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அதே யோசனையோடு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். சனிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். மலையிலிருந்து மொட்டைத் தலைகளோடு இறங்கி வந்தவர்கள் நடைமேடை முழுக்க மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பெண் என் முன்னால் தரையில் போட்டிருந்த கோடுகளைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். சரி, பார்த்துவிடலாம் என்று எட்டி அவள் தோளைத் தொட்டு, "ஐஸ்" என்றேன்.

ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். கை காற்றில் நின்றது. கண்ணிமைகூட அசைந்த மாதிரி தெரியவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தெரியும், இவளுக்கு எல்லாம் தெரியும்! அப்படியானால் இத்தனை நாளும் அந்த மைதானத்தில் ஓடினாளே, யாராவது தொடுவார்கள், யாராவது ஐஸ் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டா ஓடினாள்? அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் வந்து நின்றது. "சித்தூரு, சித்தூரு! எக்கண்டம்மா, எக்கண்டி!" என்று ஏறச் சொல்லிக் கண்டக்டர் கத்துகிறார். "வாடீ, பஸ்ஸு வந்துட்சி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம். இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன், விறைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நின்று உடம்பு ஆடுகிறது, ஆனால் காலைக் கீழே வைக்கவில்லை. பதற்றத்தில் என் மூளை சுத்தமாக வேலை செய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பெண், இவள் நிற்கிற கோலத்திலேயே ஆட்டத்தைப் புரிந்துகொண்டு, தலையை வெளியே நீட்டி, "ஆன்ட்டி! வாட்டர் செப்பண்டி, வாட்டர்!" என்று கத்தினாள்.

"வாட்டர்!" என்றேன். சட்டென்று காலை ஊன்றி, எனக்கு முன்னால் ஓடி பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. சந்திரகிரி தாண்டும்வரை எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கேட்டருகே இரட்டைப் பின்னல்காரியைப் பிடித்தேன். "இத பாரு கண்ணு. இனிமே அவ அரட்டிப்பண்டு இல்ல. எல்லாரையும் போல அவளையும் ஐஸ் பண்ணு."

"அழுதா?"

"அழட்டும். உங்கள யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

அவள் நம்பவில்லை. அதனால் டீச்சரிடம் போனேன், டீச்சர் என்னைத் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏமண்டி, நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது? உங்கள் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். ஏதாவது ஆகி, அவள் கத்தி ஊரைக் கூட்டினால் பள்ளிக்குத்தான் கெட்ட பேர். அப்புறம் நாலாம் வகுப்பைப் பற்றி என்னிடம் கேட்கக்கூடாது." அப்படி ஏதாவது ஆனால் கேட்கமாட்டேன், சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்ற வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் பயந்துகொண்டு அவளைத் தொடாமலேதான் இருந்தார்கள். மார்ச் வந்தது. வெயில் ஏறி, பள்ளிகள் அரைநாளுக்கு மாறின. ஒரு நாள் பதினோரு மணிவாக்கில் போன். வகுப்பு டீச்சர்.

"மேடம், கொஞ்சம் உடனே வாங்க. பாப்பா... பாப்பா வரமாட்டேங்குது."

எங்கிருந்து வரமாட்டேன் என்கிறாள், எதற்கு வரமாட்டேன் என்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்பது எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால், மைதானத்தின் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது, ஒரு கால் ஓடப்போகிற மாதிரி பின்னால். நெற்றியிலிருந்து வியர்வை வழிகிறது. பக்கத்தில் பள்ளியின் ஆயம்மா அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி நிற்கிறார். தலைமையாசிரியை முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார். இன்டர்வெல் முடிந்து மணி அடித்தபோது பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டார்களாம். வகுப்பில் இவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆயம்மா தூக்கப்போக, தொட்ட கையைக் கடிக்க வந்து, தெருவே கேட்கிற மாதிரி அலறியிருக்கிறாள். விட்டதும் மறுபடி அதே கோணத்தில் போய் நின்றுகொண்டாளாம்.

எனக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே புரிந்தும் விட்டது. யாரோ ஐஸ் சொல்லியிருக்கிறார்கள்! கடைசியில் யாரோ இவளைத் தொட்டு ஐஸ் சொல்லிவிட்டார்கள், மணி அடித்ததும் மறந்துபோய்விட்டார்கள். இவள் மறக்கவில்லை.

இது எனக்குத் தெரிந்த வித்தையாயிற்றே. முன்னால் போய், அவள் தோளைத் தொட்டு, "வாட்டர்" என்றேன்.

அசையவில்லை.

"வாட்டர், கண்ணு. வாட்டர்!"

அசையவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பி, உடனே வகுப்பறைப் பக்கம் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆடியது எங்கள் இரண்டு பேர் ஆட்டம். இது அவர்கள் ஆட்டம். ஆட்டத்தில் இருப்பவர்கள்தான் வாட்டர் சொல்லமுடியும். நான் யார்? பெற்றவளாக இருந்தால் என்ன, கணக்கில் இல்லாதவள். அந்த வெயிலில் அரட்டிப்பண்டாக நின்றது நான்தான்.

"மேடம், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"கிளாஸ் நடக்கிறது அம்மா. இதற்காகக் கிளாஸை நிறுத்த முடியுமா? நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லலாம், வீட்டுக்கு அழைத்துப் போங்கள். மற்றதை நாளைக்குப் பேசுவோம்."

மற்றது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? டி.சி. வாங்கிக்கொண்டு போ என்பதுதான் மற்றது. ஆனாலும் என் வாய் இருக்கிறதே, அது எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது? "பிள்ளைகளோடு கலக்கமாட்டேன் என்கிறாள் என்று சொன்னது நீங்கள்தானே மேடம்? இதோ, பிள்ளைகளுக்காக வெயிலில் நின்றுகொண்டிருக்கிறாள். நான் கூப்பிட்டுக்கூட வரவில்லை. இதைவிட எப்படிக் கலப்பது? யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், ஒரே ஒரு நிமிஷம். அதற்கப்புறம் டி.சி. கிழியுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன்" என்று கத்தியேவிட்டேன்.

தலைமையாசிரியை என் பெண்ணின் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு டீச்சர் மெல்ல நழுவி மாடிப்படி ஏறினார்.

ஒரு பிள்ளையைத்தான் கேட்டேன். மூன்றாம் வகுப்பே படியில் உருண்டு புரண்டு இறங்கி வந்தது. எல்லாருக்கும் முன்னால் இரட்டைப் பின்னல்காரி. வந்தவள் என் பெண்ணைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, நான்தான் ஆன்ட்டி ஐஸ் பண்ணேன்! நீங்கதான சொன்னீங்க! மணி அட்ச்சிட்சி, மறந்தே பூட்டேன்!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே நின்றாளே தவிர என் பெண்ணைத் தொடவில்லை. "நீ தொடுடீ" என்றேன். "நான் கேட்ச்சர் ஆன்ட்டி. நான் தொடக்கூடாது" என்றாள் விசும்பிக்கொண்டே. அந்த நிலைமையிலும் ரூல்ஸ்! பின்னாலிருந்து ஒரு குட்டையான பையன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். என் பெண்ணின் நீட்டிய கையைத் தட்டி, "வாட்டர்!" என்றான்.

என் பெண் ஓடினாள். ஆயம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து மாடிப்படியை நோக்கி ஓடினாள். தண்ணீர்த் தொட்டி மேல் அவள் வைத்திருந்த நீல பாட்டிலை எடுத்து நீட்டினேன், அதைக்கூட அவள் பார்க்கவில்லை. இரட்டைப் பின்னல்காரிதான் மூக்கை உறிஞ்சியபடி திரும்பி வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். படியில் பாதி ஏறினவள் நின்று, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, இன்னிக்கி ஃபர்ஸ்ட் ஐஸ் அவதான். நாளைக்கி அவதான் கேட்ச்சர்!"

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு இன்டர்வெல் முடிந்து மணி அடித்ததும் யார் யார் ஐஸாக நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்" என்று ஆயம்மாவிடம் சொன்னார். டி.சி.யைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்புவதற்குள் என் முழங்கையில் ஒரு விரல் பட்டது. என் பெண்ணின் விரல்.

"ஐஸ்" என்றாள்.

அவளாக வந்து, அவளாகத் தொட்டு, என்னை! நான் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அவள் என்னை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடங்களை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கல்லில் தோசை கருகி வீடெல்லாம் புகை. அலமாரியிலிருந்த என் போனில் வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார். அடுப்பை அணைக்கவாவது கையை நீட்டினாயா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். எப்படி நீட்டமுடியும்? அவள் பஸ் இன்னும் சந்திரகிரிக்கே வரவில்லை, அதைத் தாண்டித்தான் திருப்பதி. வந்து வாட்டர் சொல்லும்வரைக்கும் நான் நிற்கத்தான் வேண்டும்.